முப்பது உதை, ஒரு கோல்கூட இல்லை!

லண்டன் நகரத்து ஆர்சனல் கோஷ்டியை அறியாத கால்பந்து ரசிகர்கள் இருக்க முடியாது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 28ந் தேதி அந்தக் கோஷ்டி தன் சொந்த மைதானத்தில் வெஸ்ட் ஹாம் கோஷ்டியுடன் மோதியது. வெஸ்ட் ஹாமும் லண்டன் கோஷ்டிதான்.

அன்று ஆர்சனல் ஆட்டக்காரர்கள் கோலை நோக்கி 30 முறை பந்தை அடித்தார்கள். எதிராளியின் கோலுக்கு முன்னால் இருக்கும் பெரிய கட்டத்துக்குள் 77 முறை பந்தைத் தொட்டார்கள்.

கோல் எத்தனை? ஒன்றுகூட இல்லை! வெஸ்ட் ஹாம் 2 கோல் போட்டு வெற்றியோடு வீடு திரும்பியது.

இத்தனை பெரிய கோஷ்டி கூடுதலாகக் கோல் போட என்ன செய்ய வேண்டும்? "இன்னும் நாலு உதை உதைக்க வேண்டியதுதானே!" என்று திண்ணையில் உட்கார்ந்தபடி சொல்லிவிடலாம். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபம் அல்ல.

கணக்கர் போட்ட கணக்கு

இங்கிலாந்தில் சார்லஸ் ரீப் என்று ஒருவர் இருந்தார். விமானப் படையில் கணக்கு அதிகாரி. 1950ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஸ்விண்டன் ஊரில் ஒரு பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்தார். யார் யாருக்குப் பந்தைத் தள்ளினார், எங்கிருந்து உதைத்தார் என்று எழுதத் தொடங்கினார். பிறகு பல ஆண்டுகள் இதே வேலைதான்!

ஒன்பது பத்து உதைக்கு ஒரு கோல் விழுகிறது என்று அவர் கண்டார். இன்றைக்கும் இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. பந்தை நாலைந்து பேர் கை மாற்றுவது வீண், தூக்கி முன்னால் அடியுங்கள் என்றும் அவர் சொன்னார். அந்த யோசனையைப் பலர் பின்னாளில் மறுத்தார்கள். மறுத்ததுதான் சரி. எண்ணியது சரி, எண்ணிக்கையிலிருந்து எடுத்த முடிவுதான் தப்பு.

ஏனென்றால், எல்லா உதையும் ஒரே உதை அல்ல. பெனால்டி உதைத்தால் நான்கில் மூன்று கோலாகிறது. கோலிலிருந்து 18 கஜத்துக்கு அப்பால், கட்டத்துக்கு வெளியே நின்று உதைத்தால் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறுவதில்லை. தூரத்திலிருந்து உதைக்கும்போது கூட்டம் "ஓ" என்று கத்தும். பார்க்க அழகுதான். ஆனால் பந்து பெரும்பாலும் யார் காலிலாவது பட்டுத் திரும்பும், அல்லது ரசிகர் மடியில் போய் விழும்.

ஆகவே, கோல் வேண்டுமானால் கோலுக்கு அருகே போக வேண்டும். அங்கேதான் வம்பு. எதிராளிகள் பத்துப் பேரும் கோலை அடைத்துக்கொண்டு நின்றால் எப்படிப் போவது?

மூலையிலிருந்து வந்த வழி

ஆர்சனல் கண்டுபிடித்த ஒரு வழி, கார்னர் உதை. தடுக்கும் கோஷ்டிக்காரர் மீது கடைசியாகப் பட்ட பந்து அவருடைய கோல் கோட்டைத் தாண்டி வெளியே போனால், தாக்கும் கோஷ்டிக்கு மைதானத்தின் மூலையிலிருந்து ஓர் உதை கிடைக்கும் அல்லவா? பல கோஷ்டிகள் அதை ஏனோதானோ என்று அடித்துவிடுவார்கள். ஆர்சனலோ இதற்கென்றே 2021ல் ஒரு தனிப் பயிற்சியாளரை வைத்துக்கொண்டது! பிரான்சு நாட்டைச் சேர்ந்த நிக்கோலா ஜோவர் என்பவர் அவர்.

அவருடைய முறை கல்யாண வீட்டுப் பந்தி ஏற்பாடு மாதிரி. யார் எங்கே என்பது முன்னாலேயே முடிவாகிவிடும். பென் வொயிட் கோல் கீப்பர் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். கீப்பரால் தாராளமாக நகர முடியாது. மற்றவர்கள் எதிராளிகளின் வழியை மறிப்பார்கள். டெக்லன் ரைஸோ புக்காயோ சாக்காவோ பந்தைக் கோலை நோக்கி வளைந்து வரும்படி அடிப்பார்கள். பின்னாலிருந்து பிரேசில் நாட்டு கேப்ரியல் ஓடி வந்து எழும்பித் தலையால் முட்டுவார். இத்தனைக்கும் கேப்ரியல் தடுப்பாட்டக்காரர்!

2024 பிப்ரவரி 11ந் தேதி இரு கோஷ்டிகளும் வெஸ்ட் ஹாம் மைதானத்தில் மறுபடி சந்தித்தன. 32வது நிமிஷத்தில் ரைஸ் கார்னர் உதைத்தார். சலீபா முட்டினார். கோல்! பிறகு ஒரு பெனால்டி. பிறகு ரைஸின் இன்னொரு உதை, கேப்ரியல் தலை, கோல்! கதவு திறந்ததும் மற்றவையும் வந்தன. முடிவில் ஆர்சனல் 6, வெஸ்ட் ஹாம் 0. ஆறில் மூன்று, ஓடாமல் நின்ற பந்திலிருந்து வந்தவை. அந்த 2023-24 பருவம் முழுவதும் லீக் பந்தயங்களில் கார்னரிலிருந்து மட்டும் 16 கோல்.

இரண்டு புள்ளி

ஆனாலும் சாம்பியன் பட்டம் கிடைக்கவில்லை! மான்செஸ்டர் சிட்டி 96 கோல், 91 புள்ளி. ஆர்சனல் 91 கோல், 89 புள்ளி. வெறும் இரண்டு புள்ளி! டிசம்பரில் வீணான அந்த 30 உதையை நினைத்தால் யாருக்கும் வயிறு எரியும்.

அடுத்த பருவம் இன்னும் மோசம். சாக்கா, ஜீசஸ், ஹாவர்ட்ஸ் என்று தாக்குதல்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் காயம் பட்டுப் படுத்தார்கள். கோல் 69க்கு இறங்கியது. லீகிலேயே மிகக் குறைவாகக் கோல் வாங்கிய கோஷ்டி ஆர்சனல்தான். ஆனால் 14 ஆட்டங்கள் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தன. 86 கோல் போட்ட லிவர்பூல் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போயிற்று. 2004ல் பட்டம் வென்ற ஆர்சனலுக்கு இதோடு 21 ஆண்டுக் காத்திருப்பு.

கார்னர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது கோல் வாசலிலேயே நின்று முடித்துவைக்க ஓர் ஆள் வேண்டாமா? 2025 ஜூலையில் அப்படி ஒருவரை ஆர்சனல் விலைக்கு வாங்கியது. சுவீடன் நாட்டு விக்டர் யோக்கரெஸ். போர்த்துக்கல் நாட்டு ஸ்போர்ட்டிங் கோஷ்டிக்கு 102 ஆட்டங்களில் 97 கோல் போட்டவர். கோல் போட்டதும் இரண்டு கை விரல்களையும் கோத்து, முகமூடி போல வாயை மூடிக் காட்டுவது இவருடைய வழக்கம்.