எழுத்தெண்ணும் கருவியும் இலக்கண வரையறையும்: செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கான எளிய கருவி வழங்கி

1. முன்னுரை

கொல்கத்தாவின் கிழக்கே இருந்த உவர்ச் சதுப்பு நிலத்தை ஹூக்ளி ஆற்று வண்டலால் நிரப்பி, 1960களில் தொடங்கி உருவாக்கப்பட்ட நகர்ப்பகுதி சால்ட் லேக் ஆகும். மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த பிதான் சந்திர ராயின் நினைவாக இடப்பெற்ற பிதான்நகர் என்பதே அதன் அலுவல் பெயர். இதன் ஐந்தாம் பிரிவில் கணினி நிறுவனங்கள் பல அமைந்துள்ளன. இந்திய மொழிகளின் கணினிப் பயன்பாட்டில் ஈடுபட்டுவரும் சி-டாக் நிறுவனத்தின் கொல்கத்தா மையமும் இங்கேயே உள்ளது.

இப்பகுதி பற்றிய ஆவணம் ஒன்றைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரின் துணையுடன் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு ஐயங்கள் எழக்கூடும். ஊர்ப்பெயரை எவ்வாறு எழுதுவது என்பது ஒன்று. தலைப்பில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்பது மற்றொன்று. உதவியாளர் இரண்டிற்கும் தயக்கமின்றி விடை தரும். ஆயினும், பெயரை 'உப்பு ஏரி' என மொழிபெயர்த்துவிடவோ, அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தலைநகரான சால்ட் லேக் சிட்டியோடு மயங்கவோ இடமுண்டு. எழுத்தெண்ணிக்கையும் பிழைபடலாம். இத்தகைய ஐயங்களுக்கு உறுதியான விடை தரும் எளிய கருவி வழங்கி ஒன்றைப் பயிற்சியாக அமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. இப்பயிற்சியில் நிரல் எழுதுவதைக் காட்டிலும் வரையறை செய்வதே கடினமானது என்பதும், அது மொழியியலாரின் பணி என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

2. கருவி வழங்கியின் அமைப்பு

மொழி மாதிரிகள் உரையை எழுத்துகளாகப் பெறுவதில்லை. டோக்கன் எனப்படும் துணுக்குகளாகப் பெறுகின்றன. ஒரு துணுக்கு ஒரு சொல்லாகவோ, அசையாகவோ, ஓர் எழுத்தின் பகுதியாகவோ இருக்கலாம். ஆகவே, எழுத்தை எண்ணுமாறு கேட்டால் மாதிரி பெரும்பாலும் எண்ணுவதில்லை, உய்த்துணர்ந்து கூறுகிறது. எண்ணும் பணியைத் தனி நிரலிடம் ஒப்படைப்பதே இதற்குத் தீர்வாகும்.

உதவியாளரையும் இத்தகைய நிரல்களையும் இணைப்பதற்கான பொது நெறிமுறையாக, எம்.சி.பி. எனச் சுருக்கி வழங்கப்படும் மாதிரிச் சூழல் நெறிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. இது ஜேசன்-ஆர்.பி.சி. 2.0 என்னும் செய்தி வடிவத்தைப் பயன்படுத்துகிறது. கருவிகளைப் பொறுத்தவரை வழங்கியின் கடமைகள் இரண்டே: தன்னிடமுள்ள கருவிகளின் பட்டியலைத் தருதல், குறிப்பிட்ட கருவி அழைக்கப்படும்போது அதனை இயக்கி விடையைத் திருப்பி அனுப்புதல். ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளீட்டு வரையறை ஆகிய மூன்றும் தரப்பட வேண்டும்.

பயிற்சி வழங்கியைப் பைதான் மொழியில் சில பத்து வரிகளில் எழுதிவிடலாம். பயனரின் கணினியிலேயே இயங்கும் வழங்கி, நிரலின் இயல்பான உள்ளீட்டு, வெளியீட்டு வழிகள் வாயிலாகச் செய்திகளைப் பரிமாறிக்கொள்கிறது. அவ்வெளியீட்டு வழியில் நெறிமுறைச் செய்தியன்றி வேறெதுவும் செல்லலாகாது. பிழை காண்பதற்காக இடையில் ஒரு வரியை அச்சிட்டாலும் இணைப்பு முறியக்கூடும். இது தொடக்கநிலைப் பயிற்சியாளர் பெரிதும் செய்யும் தவறாகும். அத்தகைய குறிப்புகளைப் பிழைச்செய்தி வழியில் அனுப்புதல் வேண்டும்.

3. எழுத்தெண்ணும் கருவி

3.1 எது எழுத்து?

ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி 1988ஆம் ஆண்டின் இஸ்கி குறியேற்றத்தை அடியொற்றியது. அதில் அகரமேறியவை நீங்கலான உயிர்மெய்களுக்குத் தனிக் குறியெண் இல்லை. 'மி' என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியெண்களால் ஆனது. எனவே நிரல்மொழியின் இயல்பான நீளம் காணும் ஆணை, எழுத்தை எண்ணாமல் குறியெண்களையே எண்ணுகிறது.

'கொல்கத்தா' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இதில் பள்ளிவழக்குப்படி எழுத்துகள் 5, ஒலியன்கள் 8, குறியெண்கள் 9, யு.டி.எஃப்-8 முறையில் பைட்டுகள் 27. ஒற்று நீக்கி எண்ணினால் 3. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 என எண்ணுவது இந்த ஒற்றொழித்த முறையிலேயே ஆகும். ஐந்து எண்களும் அவ்வவ் வரையறைப்படி சரியானவையே. பயனர் எதனைக் கேட்டார் என்பது தெளிவில்லையெனில் எந்த எண்ணும் தவறாகும்.

சோதனைச் சொல்லைத் தேர்வதிலும் கவனம் தேவை. 'தமிழ்' என்னும் சொல்லில் ஒலியன்களும் 5, குறியெண்களும் 5. இந்த ஒற்றுமை தற்செயலானது. இச்சொல்லை மட்டும் கொண்டு சோதித்தால், ஒலியனுக்குப் பதில் குறியெண்ணை எண்ணும் பிழையான கருவியும் சரியானதாகத் தோன்றும்.

3.2 குறியேற்ற வேறுபாடு

'கொ' என்பதை ஒகரக் குறியால் எழுதலாம். எகரக் குறியும் கால் குறியுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பின்னதில் 'கொல்கத்தா' 10 குறியெண்கள் பெறும். ஒருங்குறியின் இயல்பாக்க விதிகளை முதலில் செயற்படுத்தினால் இவ்வேறுபாடு நீங்கும். ஆயினும், ஔகாரக் குறியின் வலப்பகுதிக்குப் பதிலாக ளகர எழுத்தைத் தட்டச்சு செய்த உரையை இவ்விதிகள் திருத்தா. அவ்வாறே, ஸகரத்தாலும், 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்தாலும் எழுதப்படும் இருவகை ஸ்ரீயும் ஒன்றாகா. இவற்றிற்குத் தனி விதிகள் வேண்டும். க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றை ஓரெழுத்தாகக் கொள்வதா, ஈரெழுத்தாகக் கொள்வதா என்பதையும் கருவி வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும்.

3.3 வங்கமொழி ஒப்பீடு

தமிழுக்கென எழுதிய கருவியை அப்படியே வங்கமொழிக்குப் பொருத்த இயலாது. 'சால்ட்' என்பது தமிழில் சா, ல், ட் என மூன்று அலகுகளாகப் பிரியும். வங்கமொழியில் இச்சொல்லின் லகரமும் டகரமும் ஒரே கூட்டெழுத்தாக இணைகின்றன. 2023இல் வெளியான ஒருங்குறி 15.1 வங்கம், தேவநாகரி உள்ளிட்ட சில எழுத்துமுறைகளில் கூட்டெழுத்தை ஓரலகாகக் கொள்ளும் விதியைச் சேர்த்தது. தமிழ் அதில் இடம்பெறவில்லை. புள்ளி வெளிப்படையாக நிற்கும் தமிழின் இயல்புக்கு இது பொருந்துவதே. அவ்விதிப்படி வங்கமொழியில் இச்சொல் இரண்டு அலகுகளே பெறும்.

4. இடப்பெயர்க் கருவி

இரண்டாவது கருவி சிறிய அட்டவணை ஒன்றில் தேடித் தருவது. ஒவ்வொரு பதிவிலும் மூலமொழி வடிவம், தமிழ் வடிவம், மாற்றுப்பெயர், ஆண்டெல்லை ஆகியவை இடம்பெறும். நகரின் ஆங்கிலப் பெயர் 2001இல் கொல்கத்தா என மாற்றப்பட்டது. உயர் நீதிமன்றமோ கல்கத்தா உயர் நீதிமன்றம் என்னும் பெயரையே கொண்டுள்ளது. எனவே எல்லா இடத்திலும் ஒன்றைப் பெயர்த்து மற்றொன்றை இடுவது பிழையாகும்.

தேடிய பெயர் அட்டவணையில் இல்லாதபோது வெற்று விடை அனுப்பலாகாது. வெற்றிடத்தை உதவியாளர் தன் ஊகத்தால் நிரப்பக்கூடும். 'பதிவில் இல்லை, ஊகித்து எழுத வேண்டாம்' என்னும் தொடரையே விடையாக அனுப்புவது பாதுகாப்பானது.

5. விளக்கவுரையின் இன்றியமையாமை

எந்தக் கருவியை எப்போது அழைப்பது என்பதை உதவியாளர் நிரலைக் கண்டு முடிவு செய்வதில்லை. கருவியின் விளக்கவுரையைப் படித்தே முடிவு செய்கிறது. 'உரையின் நீளத்தைத் தரும்' என்பது போதாத விளக்கம். 'தமிழ் உரையிலுள்ள எழுத்துகளை எண்ணும். முறை: ஒற்று உட்பட, ஒற்று நீங்கலாக, ஒலியன். இடைவெளி எண்ணப்படாது' என்பது பயன்படும் விளக்கம். இது அகராதியில் பொருள் வரையறை எழுதும் திறனை ஒத்தது. கருவியின் விடையை உதவியாளர் தன் சொற்களில் மாற்றிக் கூறுவதால், விடையும் '5' என நில்லாமல் '5 எழுத்துகள், ஒற்று உட்பட' என அமைதல் வேண்டும்.

6. முடிவுரை

தொல்காப்பியம் முதலெழுத்து 30, சார்பெழுத்து 3 என வகுத்தது. நன்னூல் சார்பெழுத்துகளைப் பத்து வகையாக்கி 369 என விரித்தது. இன்றைய பள்ளிக் கணக்கு 247. எண்கள் வேறுபட்டாலும் ஒவ்வொன்றும் எதை எண்ணுகிறது என்பது அவ்வந்நூலிலேயே கூறப்பட்டுள்ளது. கருவி வழங்கிக்கும் இதுவே அளவுகோல். வரையறையற்ற கருவி, ஊகமாக இருந்த பிழையைக் கணக்கிட்ட விடையாக மாற்றிவிடும். கருவியின் பெயரால் வருவதால் அப்பிழையை ஐயுறுவாரும் இரார். ஆதலால் இவ்வரையறைகளை நிரலாளரிடம் விட்டுவிடாமல், மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் தாமே எழுதப் பழகுதல் வேண்டும். அதற்கு இரண்டு கருவிகள் கொண்ட சிறிய வழங்கியே போதிய தொடக்கமாகும்.