போர்வையைப் பகுதி பகுதியாகத் தைக்கலாமா?

கைவேலையிற் பிரியமுள்ளோர் இல்லங்களிலே பெட்டியைத் திறந்து பார்த்தால், ஆவலோடு தொடங்கிப் பாதியில் மடித்து வைத்த வேலை ஒன்றேனும் இருக்கக் காணலாம். அவ்வாறு எளிதில் நின்றுபோகும் வேலைகளுள் ‘குவில்ட்’ எனப்படும் பஞ்சுப் போர்வையும் ஒன்று. அது நின்றுபோவதற்குத் தைப்பவரின் சோம்பல் காரணமன்று. பெரும்பாலும் போர்வையின் பருமனே காரணம். அப்படியாயின், அதனைச் சிறு பகுதிகளாகத் தைத்துப் பின்னர் இணைத்தால் என்ன? இதன் நன்மை தீமைகளைச் சிறிது ஆராய்வோம்.

பஞ்சுப் போர்வை மூன்று படைகளைக் கொண்டது. துண்டுத் துணிகளை அழகுற இணைத்துச் செய்வது மேற்றுணி; கீழே இருப்பது அடித்துணி; இவ்விரண்டுக்கும் இடையே கிடப்பது பஞ்சு விரிப்பு. பஞ்சு இடம்பெயர்ந்து திரளாதபடி மூன்று படைகளையும் ஊடுருவித் தைப்பதே இவ்வேலையின் உயிர்நாடி. இடர் தோன்றுவதும் இக்கட்டத்திலேதான்.

முற்காலத்து அமெரிக்கக் கிராமங்களிலே போர்வையைப் பெரிய மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, அயலிலுள்ள பெண்கள் அதனைச் சுற்றியமர்ந்து தைப்பர். சட்டம் அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளுமாதலால், வேலை முடிந்ததும் அதனைக் கயிற்றினாற் கூரையை நோக்கி உயர்த்தி வைக்கும் வழக்கமும் சில வீடுகளில் இருந்தது. சட்டத்தை விடுத்துத் தையல் இயந்திரத்தை நாடினாலும் இடர் தீர்வதில்லை. 90 அங்குல அகலமான போர்வையின் நடுவைத் தைக்க வேண்டுமாயின், அதன் பாதியாகிய 45 அங்குலத்தையும் சுருட்டி, ஊசிக்கும் இயந்திரத்தின் உடற்பகுதிக்கும் இடையேயுள்ள சிறு வெளியினுள்ளே புகுத்த வேண்டும். வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் அவ்வெளி 6 முதல் 9 அங்குலமே. கை சோர்வதும் தையல் கோணுவதும் வியப்பன்று. அதே போர்வையை 30 அங்குல அகலமுள்ள மூன்று பட்டிகளாகப் பிரித்தாலோ, 15 அங்குலத்தைச் சுருட்டினாற் போதுமானது.

இவ்வழி புதிதன்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரின்போது, படைவீரர் நலனுக்கென அமைந்த சுகாதார ஆணைக்குழுவின் மூலம் பெண்கள் போர்வைகளை அனுப்பி உதவினர். அவற்றுட் சில, ஒவ்வொரு சதுரத்தையும் தனித்தனியே பஞ்சு வைத்துத் தைத்து, ஓரமும் கட்டி, ஈற்றில் ஒன்றோடொன்று பிணைத்துச் செய்யப்பட்டவை. ஒவ்வொரு சதுரமும் சூடான பாத்திரம் பிடிக்குந் துணியை ஒத்திருந்தமையால், இத்தகைய போர்வைகளுக்கு அப்பெயரே வழங்கலாயிற்று. பின்னர், வட கரோலினாவைச் சேர்ந்த ஜோர்ஜியா போன்ஸ்டீல் என்னும் அம்மையார் தொலைக்காட்சி வாயிலாகவும், 1982இல் வெளியிட்ட நூல் வாயிலாகவும், மடியில் வைத்தே தைக்கும் இம்முறையைப் பலருக்கும் கற்பித்தார்.

இதனால் விளையும் நன்மைகள் தெளிவானவை. சிறு பகுதியைக் கைப்பையில் வைத்துப் பயணத்திலும் கொண்டு செல்லலாம். கிடைக்கும் அரை மணி நேரத்தையும் பயன்படுத்தலாம். ஒரு பகுதி பிழைத்தால் அதனை மட்டும் பிரித்துத் திருத்தலாம். ஒரு குடும்பத்தார் பலர் ஆளுக்கொரு சதுரம் ஏற்று முடிக்கலாம். யாவற்றுக்கும் மேலாக, ஒரு பகுதி முடிந்ததென்ற மகிழ்ச்சி அடுத்த பகுதிக்கு ஊக்கமளிக்கின்றது.

ஆயினும், தையலில் மிச்சம் பிடித்த உழைப்பில் ஒரு பகுதியை இணைப்பிலே செலுத்த வேண்டியிருக்கும். இணைப்பிடங்களிலே துணி பல மடிப்பாகத் தடிக்கும். அடித்துணியிலும் மூட்டுக்கள் தெரியும். நெருக்கமாகத் தைத்த பகுதி மற்றதைவிட மிகுதியாகச் சுருங்குமாதலால், முதலில் ஒரே அளவாயிருந்த சதுரங்கள் ஈற்றில் மூலைக்கு மூலை பொருந்தாமற் போவதுமுண்டு. எல்லாவற்றினும் பெரிய குறை, போர்வை முழுவதும் தொடர்ந்தோட வேண்டிய கோலம் இடையிடையே அறுபடுவதாம். ஹவாய்த் தீவினரின் போர்வைகளை நோக்குங்கள். மடித்து வெட்டிய ஒரே பெருந்துணி நடுவிலே மலரென விரிய, அதன் ஓரத்தைப் பின்பற்றித் தையல் வரிகள் கடலலைபோல வரிசை வரிசையாகப் பரந்து செல்லும். அதனைப் பகுதிகளாக்கினால் அலை உடைந்துவிடும்.

ஏனைய குறைகளைக் கவனத்தாற் குறைக்கலாம். ஒவ்வொரு பகுதியின் அடித்துணியையும் பஞ்சையும் மேற்றுணியினும் சற்றுப் பெரிதாக வெட்டுக. எல்லாப் பகுதிகளிலும் தையலின் நெருக்கம் ஒத்திருக்கட்டும். ஓரத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம் தைக்காது விடுக. தைத்து முடிந்தபின் மேற்றுணிகளை ஒரே அளவாகச் சீர்செய்க. பின்பு மேற்றுணிகளை மட்டும் நற்பக்கங்கள் ஒன்றையொன்று நோக்க வைத்து இணைத்து, பஞ்சின் விளிம்புகளை ஒன்றன்மேலொன்று ஏறாமல் முட்டுமாறு கத்தரிக்குக. ஓர் அடித்துணியை மற்றதன்மேல் மடித்துக் கையால் நெருக்கமாகத் தைத்து முடிக்குக. மூட்டுக்கள் துவைக்கும்போது இழுபடுமாதலால், இவ்விடத்தில் அவசரம் ஆகாது.

எனவே, தொடங்குமுன் கோலத்தையே முதலிற் கருதுக. அது சதுரங்களாக அமைந்ததாயின் பகுதி முறை பழுதன்று. சதுரங்களுக்கிடையே பட்டிகள் வருமாயின் மூட்டுக்களும் அவற்றுள் மறையும். கோலம் முழுப் பரப்பிலும் படர்வதாயின், பொறுமையோடு ஒன்றாகத் தைப்பதே முறை. அவ்வாறு தைக்க இடமும் நேரமும் இல்லையெனின், கோலத்தை மாற்றிக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை. போர்க்களத்துக்கு அனுப்பிய பெண்கள் மூட்டுத் தெரியுமே என்று தயங்கி நின்றிருந்தால், குளிரில் நடுங்கிய வீரனுக்கு அப்போர்வை கிடைத்திராது. மூட்டுத் தெரிந்தாலும் முடிந்த போர்வை ஒருவரைக் குளிரினின்று காக்கும். பெட்டியிற் கிடக்கும் குறைவேலை எவருக்கும் உதவாது.