‘ஏன்’ என்பதை ‘எங்கே’ என்று வாசித்தால்: ரோமியோ ஜூலியட் நாடகமும் கலைச்சொற்களும்

“வாப்பா, இவ ரோமியோ எங்க எண்டுதானே தேடுறா?” ஆங்கில இலக்கியம் படிக்கும் மகள் புத்தகத்தைக் காட்டிக் கேட்டாள். “ஓம் மகள்” என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் அகராதியைப் புரட்டினேன். ‘வேர்ஃபோர்’ என்ற அந்தப் பழஞ்சொல்லுக்கு ‘எங்கே’ என்பது பொருளல்ல. ‘ஏன்’ என்பதே பொருள்.

நீ ஏன் ரோமியோவாக, அந்தப் பகைக் குடும்பத்துப் பிள்ளையாக இருக்கிறாய் என்பதுதான் ஜூலியட்டின் கேள்வி. ‘எங்கே’ என்று வாசித்தால் அவள் காதலனைத் தேடும் பெண். ‘ஏன்’ என்று வாசித்தால் ஒரு பெயரோடு வழக்காடும் பெண். வெரோனா நகரின் மொன்டேகு, கபுலட் குடும்பங்களின் பகைதான் கடைசியில் இருவரையும் கொல்கிறது. ஒரு சொல் பிழைத்தால் நாடகமே பிழைத்துப் போகும்.

இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியில் வரும் இந்த இடமே மூன்று கலைச்சொற்களை விளக்கப் போதும். ஜூலியட் தான் தனியே நிற்பதாக எண்ணி மனதைத் திறக்கிறாள், இது தனிமொழி. கீழே இருளில் நிற்கும் ரோமியோ, இன்னும் கேட்பதா, பதில் சொல்வதா என்று அவளுக்குக் கேளாமல் சபைக்கு மட்டும் சொல்கிறான். ‘அசைட்’ எனப்படும் இதைப் புறமொழி எனலாம். அவன் நிற்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இது நாடக முரண்.

இங்கே இனிக்கும் அதே நாடக முரண் கல்லறையில் நெஞ்சைப் பிளக்கிறது. ஜூலியட் குடித்தது 42 மணித்தியால உறக்க மருந்து என்பது நமக்குத் தெரியும். அதைச் சொல்லும் கடிதம் கொள்ளைநோய்ப் பயத்தால் தடைப்பட்டு, ரோமியோவின் கைக்குப் போய்ச் சேரவில்லை. அவள் முகத்தில் இன்னும் செம்மை இருப்பதை அவன் கண்டு சொல்கிறான். சொல்லிவிட்டு நஞ்சைக் குடிக்கிறான்.

சிலேடை என்றதும் நமக்குக் காளமேகப் புலவரின் விளையாட்டு நினைவுக்கு வரும். மெர்கியூசியோ சாகும்போதும் சிலேடை பேசுகிறான். ‘கம்பீரமானவன்’, ‘புதைகுழி’ என்ற இரு பொருளும் தரும் ஒரே சொல்லை எடுத்து, நாளை நான் அப்படித்தான் இருப்பேன் என்கிறான். மூன்றாம் அங்கத்தின் முதற் காட்சியில் வரும் அந்த மரணமே நாடகத்தின் திருப்புமுனை. அதன் பிறகு சிரிப்புக் குறைகிறது.

அவலத்துக்குக் காரணம் விதியா, குணக்குறையா? பதினான்கு அடிச் சொனெற்றாக அமைந்த முன்னுரை நட்சத்திரங்களைக் குறை சொல்கிறது. ஆனால் ஷேக்ஸ்பியர் செய்த ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். அவருக்கு மூலமான ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டுக் கவிதையில் கதை பல மாதங்கள் நீள்கிறது. நாடகத்திலோ ஞாயிற்றுக்கிழமை சந்திப்பு, திங்கட்கிழமை திருமணம், வியாழன் இரவுக்குள் மரணம். அவசரமும் ஒரு காரணம் என்று எழுத இதுவே நல்ல சான்று.

விடைத்தாளில் கலைச்சொல்லின் வரைவிலக்கணத்தை மட்டும் ஒப்புவிப்பதில் பயனில்லை. அது எந்த இடத்தில் வருகிறது, அங்கே என்ன செய்கிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அடுத்த நாள் மகளிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். “அப்ப அவ ஆளைத் தேடல்ல, பேரோட சண்டை பிடிக்கிறா” என்றாள். அதையே விடையாக எழுதச் சொன்னேன்.