அனுமதி கேட்டு நுழையும் வாசல்

ஒரே வீட்டில் வாழும் பிள்ளைகள்கூட எந்தெந்த வேளைகளில் அனுமதி பெற்றுப் பெற்றோரிடம் வர வேண்டும் என்பதைத் திருக்குர்ஆன் வகுத்துச் சொல்கிறது. அதிகாலைத் தொழுகைக்கு முன்பு, நண்பகலில் மேலாடை களைந்து ஓய்வு கொள்ளும் நேரம், இஷாத் தொழுகைக்குப் பின்பு என்று மூன்று வேளைகளை ‘அந்நூர்’ அத்தியாயம் குறிப்பிடுகிறது. பருவம் எய்தாத சிறுவர்க்கு இம்மூன்று வேளைகள். பருவம் எய்திய பின்னரோ, எப்போதும் அனுமதி வேண்டும். வயதுக்கேற்ப வளரும் இந்த ஒழுங்கை, ராசிபுரத்தில் ஓர் அன்பர் தம் மனக்குறையைச் சொன்னபோது நான் நினைத்துக் கொண்டேன்.

அவர் ஜவ்வரிசி வியாபாரி. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் அமர்ந்திருந்தோம். 2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, மூத்த மகளின் பாடத்துக்காக ஒரு டேப் வாங்கினார். மகள் கல்லூரிக்குச் சென்றுவிட, அது பத்து வயது மகனின் கைக்கு வந்தது. தம் விரல்ரேகையால் அதைப் பூட்டி வைத்திருந்தார். ஒருநாள் லுஹருக்குப் பின் கண்ணயர்ந்தவர், பெருவிரலை யாரோ தொடுவதுபோல் உணர்ந்து விழித்தார். மகன் அவருடைய விரலை டேப்பின் மீது வைத்துக்கொண்டிருந்தான்!

அடித்துவிட்டார். டேப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அன்றிரவு மகன் தாயிடம் கேட்டது அவர் காதில் விழுந்தது: “அத்தா பதினோரு மணி வரைக்கும் போன் பாக்குறாங்களே, அவங்களுக்கு யாரும்மா பூட்டுப் போடுவாங்க?”

“என்னால் பதில் சொல்ல முடியவில்லை” என்றார் அவர்.

அடித்தது தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். அதைப் பற்றி நான் மேலும் பேசவில்லை. ஆனால் தவறு அதற்கும் முன்னரே தொடங்கிவிட்டது. அந்த டேப் தந்தையின் கணக்கிலேயே இயங்கிக் கொண்டிருந்தது. அதாவது, அது பெரியவர் ஒருவரின் கருவி. நாற்பது வயதுக்காரருக்கு உரிய காட்சிகளையும் விளம்பரங்களையும் அது தயங்காமல் காட்டும். அதற்குத் தன்முன் இருப்பவன் சிறுவன் என்று எப்படித் தெரியும்? நாமன்றோ சொல்ல வேண்டும்!

சொல்வதற்கு வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு வகைக் கருவிகளுக்கு ஃபேமிலி லிங்க் என்னும் ஏற்பாட்டைக் கூகுள் நிறுவனம் 2017-இல் கொண்டுவந்தது. ஆப்பிள் கருவிகளில் ஸ்க்ரீன் டைம் 2018-இல் வந்தது. முன்னதில், 13 வயது நிறையாத பிள்ளைக்குத் தந்தையோ தாயோ தம் கணக்கின் கீழ் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கலாம். பிறந்த தேதியை உள்ளபடி கொடுக்க வேண்டும். வேலை எளிதில் முடியட்டும் என்று வயதைக் கூட்டிப் போடுவோர் உண்டு. அந்தப் பொய்யினாலேயே காவல் முழுவதும் நீங்கிவிடுகிறது. பிறகு டேப்பிலிருந்து தந்தையின் கணக்கையும் விரல்ரேகையையும் நீக்கிவிட்டுப் பிள்ளையின் கணக்கை மட்டும் சேர்க்க வேண்டும்.

இனி, பிள்ளை ஒரு புதிய செயலியை விரும்பினால், அனுமதி கேட்கும் செய்தி பெற்றோரின் கைப்பேசிக்கு வரும். நாளொன்றுக்கு இத்தனை நேரம் என்று வரையறுக்கலாம். இரவு எட்டு மணிக்குத் தானாகவே பூட்டிக்கொள்ளச் செய்யலாம். நாம் ஒப்புக்கொண்ட தளங்களை மட்டுமே திறக்கும்படியும் அமைக்கலாம். இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாதென்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே டேப் கூடத்து மேசையில் இருக்கட்டும் என்பது என் யோசனை. ஓதும் நேரத்தில் அதற்கு என்ன வேலை?

பூட்டுவது பாதி வேலைதான். உள்ளே என்ன வைத்திருக்கிறோம்? வெறும் அறையில் அடைபட்ட பிள்ளை சாளரத்தைத்தான் தேடுவான். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில், சிறுவர்க்கான தமிழ்ப் படக்கதைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. தரவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் படிக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் உமறுப்புலவரின் சீறாப்புராணமும் உண்டு. அதைச் சிறுவன் தனியே படிக்க இயலாது. தந்தை அருகிலிருந்து பொருள் சொல்ல வேண்டும். அதுவும் நன்மையே. ஆர்.கே. நாராயணின் பெயரில் முதலெழுத்தாக நிற்பது ராசிபுரமே என்பதை இவ்வூர்ச் சிறுவர் எத்தனை பேர் அறிவர்? 1935-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல், சுவாமி என்ற பள்ளிச் சிறுவனின் கதை. அது விலை கொடுத்து வாங்க வேண்டிய நூல். யாரோ திருட்டுத்தனமாக அனுப்பிய படியைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, நேர்மையைப் பற்றி அவனுக்குப் போதிக்க முடியாது.

மார்க்கச் செயலி என்ற பெயரைக் கண்டதும் அனுமதித்துவிடவும் கூடாது. இலவசச் செயலிகள் சிலவற்றில் துஆவின் கீழேயே ஒவ்வாத விளம்பரங்கள் ஓடுகின்றன. நாம் ஒருமுறை முழுவதும் திறந்து பார்த்த பின்னரே பிள்ளையிடம் தர வேண்டும்.

அன்பர் வேறொன்றும் கேட்டார்: “அவன் என்ன செய்கிறான் என்று அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாமா?” பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதைத் திருமறை தடுக்கிறது. பெற்றோரின் பொறுப்பு அதனினும் வேறானது. ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. எனினும், மறைந்திருந்து பார்ப்பது வேறு. “எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பார்த்தாய் என்பது எனக்குத் தெரியும்” என்று முன்னரே சொல்லிவிட்டுப் பார்ப்பது வேறு. பின்னதையே செய்யுங்கள் என்றேன். நிறுவனங்கள் பிள்ளைகளைப் பின்தொடர்வதற்கும் இப்போது தடை எழுந்துள்ளது. 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறையாதோர் அனைவரும் பிள்ளைகளே. அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

சில வாரங்கள் கழித்து அவரை மீண்டும் சந்தித்தேன். மகனை அருகில் வைத்துக்கொண்டே கணக்கைத் தொடங்கினாராம். இரவு எட்டு மணிக்கு டேப் பூட்டிக்கொள்ளும்போது, தம் கைப்பேசியையும் அதன் பக்கத்தில் வைத்துவிடுவதாகச் சொன்னார். வியாபாரத் தொலைபேசி வந்தால் மட்டும் எடுக்கிறார். அதற்கும் மகனிடம் சொல்லிவிட்டே எடுக்க வேண்டியிருக்கிறது!

அன்று சேலத்தில் சரக்கு விலை பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மகனிடமிருந்து இரண்டு கோரிக்கைகள் வந்திருந்தன. உடனே அனுமதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இரவு வீடு திரும்பி, இருவரும் சேர்ந்து இரண்டையும் பார்த்தார்கள். சதுரங்கத்தை அனுமதித்தார். துப்பாக்கி விளையாட்டை மறுத்தார். மகன் காரணம் கேட்டான். சாப்பாடு ஆறும் வரை சொல்லிக்கொண்டிருந்ததாக அவருடைய மனைவி பின்னர் என் வீட்டாரிடம் குறைபட்டுக்கொண்டாராம்.