உங்கள் கைக்கடிகாரத்துக்கு நாடி பார்க்கத் தெரியுமா?

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அதற்கப்புறம் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-இல் எல்லைக்கோடு விழுந்தபோது கேரளத்தின் பக்கம் நின்றுவிட்ட இந்த ஊர்களில் இன்றும் ஒரே சாயாக்கடையில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். இந்த மண்ணை நனைக்கும் நெய்யாறு எங்கே பிறக்கிறது தெரியுமா? அகத்தியர் மலையில்! சித்த வைத்தியத்தின் ஆதிகுருவாக நாம் போற்றுபவரின் பெயர் தாங்கிய மலை. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடி பிடித்த வைத்தியர்களின் பூமி. இன்று அதே மணிக்கட்டின் மறுபக்கத்தில் ஒரு பச்சை வெளிச்சம் மினுங்குகிறது!

ஏன் பச்சை? ரத்தம் சிவப்பு. பச்சை ஒளியை அது நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடியில் ரத்தம் பெருகும், திரும்பி வரும் வெளிச்சம் குறையும். ஸ்மார்ட் வாட்ச் அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் எண்ணுகிறது. இதயத்தை அது நேரில் பார்ப்பதே இல்லை! கை அசைந்தாலும், பட்டை தளர்ந்தாலும், அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தாலும் கணக்கு குழம்பும்.

வாட்ச் தேடும் முக்கியமான கோளாறு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை வரை தாறுமாறாக மின்தூண்டல் கிளம்பும். அறை சுருங்காது, வெறுமனே நடுங்கும். தேங்கிய ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு! பலருக்குப் படபடப்புகூட இருக்காது என்பதுதான் இதில் பயங்கரம்.

இது எங்கோ மேல்நாட்டு நோய் என்று நினைக்காதீர்கள். 2016 ஏப்ரல் முதல் ஓராண்டில் கேரளம் முழுவதும் 53 மருத்துவமனைகளில் இந்நோய் உள்ள 3,421 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள் நம் இதய மருத்துவர்கள். இந்நோய்க்கு இப்படியும் ஒரு வழி உண்டு: சிறுவயதில் வரும் வாதக் காய்ச்சல் வால்வைக் கெடுத்து, பிறகு இந்தத் தாளக் கோளாறையும் கொண்டுவரும். அப்படிக் கெட்ட வால்வுக்கு மாற்றாக உள்நாட்டிலேயே செய்த சித்ரா வால்வு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பாறசாலையில் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் நடந்த அதிசயம் இது!

சரி, வாட்ச் சொல்வதை நம்பலாமா? அமெரிக்காவில் ஆப்பிள் வாட்ச் கட்டிய 4,19,297 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2019-இல் வெளியானது. ஒழுங்கற்ற துடிப்பு என்று எச்சரிக்கை வந்தது எத்தனை பேருக்குத் தெரியுமா? 2,161 பேருக்கு மட்டும். நூற்றில் ஒருவர்கூட இல்லை! 40 வயதுக்கு உட்பட்டவர்களில் 0.16 சதவீதம், 65 தாண்டியவர்களில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். எச்சரிக்கை வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, மார்பில் ஒட்டி இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் ஈசிஜி பட்டையை அனுப்பினார்கள். அதை ஒட்டித் திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினருக்குத்தான் நோய் பதிவானது.

அப்படியானால் மற்றவர்களுக்கு வந்தது பொய் எச்சரிக்கையா? அவசரப்படாதீர்கள்! பட்டை கைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆயிற்று. இந்த நோயோ வந்து வந்து போகும். பட்டையும் வாட்சும் ஒருசேர உடம்பில் இருந்தபோது வந்த எச்சரிக்கைகளில் 84 சதவீதம் சரி. பின்னர் ஃபிட்பிட் நடத்திய ஆய்வில் இது 98 சதவீதம்! ஆனால் ஆப்பிள் ஆய்வில் எச்சரிக்கை வராதவர்களுக்குப் பட்டையே அனுப்பவில்லை. எத்தனை பேரின் நோயை வாட்ச் தவறவிட்டது என்று அந்த ஆய்வு சொல்லவே முடியாது. வாட்ச் சும்மா இருக்கிறது, அதனால் எனக்கு ஒன்றுமில்லை என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

இன்னொரு வியப்பு. பாறசாலைக்குப் பக்கத்துக் காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சோமர்வெல் பெயரில். நெய்யூரில் ஏழைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த அதே டாக்டர்தான் 1924-இல் எவரெஸ்ட்டில், பிராணவாயு உருளை இல்லாமலே, ஏறத்தாழ 28,000 அடிவரை ஏறியவர்! அதே 1924-இல்தான் ஈசிஜி கருவியை உருவாக்கிய ஐந்தோவனுக்கு நோபல் பரிசு. அவருடைய முதல் கருவியின் எடை ஏறக்குறைய 270 கிலோ. நோயாளி கையையும் காலையும் உப்புநீர் வாளிக்குள் விட்டு உட்கார வேண்டும். பிறகு, நடமாடிக்கொண்டே ஈசிஜி பதிய ஹோல்ட்டர் என்பவர் முதுகில் சுமந்த கருவி சுமார் 38 கிலோ. இன்று அது மணிக்கட்டில்! ஆனால் ஈசிஜி எடுக்கும் வாட்சும் இதயத்தை ஒரே கோணத்தில்தான் பார்க்கிறது. ஆஸ்பத்திரி ஈசிஜி பார்ப்பது 12 கோணத்தில். மாரடைப்பை வாட்ச் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், ஓடுங்கள்.

சரி, தாளக் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் போதுமா? டென்மார்க்கில் 70 வயது தாண்டிய 6,004 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் மார்புத் தோலுக்கடியில் பதிவுக் கருவியையே புதைத்துப் பார்த்தார்கள். கருவி புதைத்தவர்களில் 32 சதவீதத்தினரிடம் நோய் அகப்பட்டது. கருவி இல்லாதவர்களில் 12 சதவீதம்தான். ஆனாலும் பக்கவாதம் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை! அதனால், எச்சரிக்கை வந்ததும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நீங்களே வாங்கி விழுங்காதீர்கள். வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

வீட்டில் 65 வயது தாண்டிய அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்களா? வாட்ச் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இன்றே அவர்கள் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். தாளம் தப்பித் தப்பி அடித்தால், பாறசாலையோ நெய்யாற்றின்கரையோ, பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.