ஆட்டோ லெவல்: மட்டம் பார்க்கும் கருவி

இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள உயர வேறுபாட்டை அளக்கும் கருவி ஆட்டோ லெவல். முக்காலி மேல் பொருத்திய சிறு தொலைநோக்கி போலிருக்கும். அஸ்திவாரத்தின் ஆழம், தளத்தின் மட்டம், சாலையின் சரிவு, கழிவுநீர்க் குழாயின் வாட்டம் எல்லாம் இதை வைத்தே குறிக்கப்படுகின்றன. கொத்தனார் தண்ணீர் நிரப்பிய டியூபால் செய்யும் வேலையையே, டியூப் எட்டாத தூரத்துக்கும் இது செய்கிறது.

கருவியின் அடியில் மூன்று திருகுகளும் வட்டமான ரசமட்டமும் உண்டு. திருகுகளைத் திருப்பிக் குமிழியை வட்டத்துக்குள் கொண்டுவந்தால் போதும். மிச்சமிருக்கும் சிறு சாய்வைக் கருவியே சரிசெய்துகொள்ளும். உள்ளே மெல்லிய கம்பிகளில் ஊசல்போலத் தொங்கும் பட்டகம், தூக்குக்குண்டைப் போலப் புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டு நின்று பார்வைக்கோட்டைக் கிடைமட்டமாக்குகிறது. இந்த அமைப்புடன் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் 1950இல் கருவியை வெளியிட்டது. பெயரில் உள்ள ‘ஆட்டோ’ இந்த ஊசலையே குறிக்கிறது.

அளப்பதற்கு, அளவு குறித்த நீண்ட கோலான ஸ்டாஃபும் உயரம் தெரிந்த ஒரு புள்ளியும் வேண்டும். அந்தப் புள்ளிக்குப் பெஞ்ச் மார்க் என்று பெயர். அதன் உயரம் 100.000 மீட்டர் என்று கொள்வோம். அதன்மேல் ஸ்டாஃபை நிறுத்திப் பார்க்கையில் 1.525 என்று தெரிந்தால், பார்வைக்கோடு 101.525இல் இருக்கிறது. குழாய்ப் பள்ளத்தின் தொடக்கத்தில் 2.225 தெரிந்தால், அங்கே தரையின் உயரம் 99.300. குழாயின் நீளம் 30 மீட்டர், வாட்டம் 60க்கு 1 என்றால், மறுமுனை 50 செ.மீ. தாழ வேண்டும். அங்கே ஸ்டாஃபில் 2.725 தெரியும்வரை தோண்ட வேண்டும். எண் கூடினால் தரை தாழ்வு, குறைந்தால் மேடு. புதிதாகக் கற்பவர் தடுமாறும் இடம் இதுதான்.

ஸ்டாஃப் சாய்ந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். எனவே பிடிப்பவர் அதை முன்னும் பின்னும் மெல்ல ஆட்ட, தெரிவதில் மிகக் குறைந்த எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். பார்வைக்கோடே சற்றுச் சாய்ந்திருந்தால், இரு புள்ளிகளுக்கும் சம தூரத்தில் கருவியை வைத்தால் பிழை தானே அடிபட்டுப்போகும். பூமியின் வளைவால் வரும் பிழையும் அப்படியே நீங்கும். அந்தப் பிழை 100 மீட்டரில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு; ஒரு கிலோமீட்டரிலோ சுமார் 78 மில்லிமீட்டர்.

சிறு வேலைகளுக்கு 100 என்று வைத்துக்கொண்டாலும், பெரிய திட்டங்களில் உயரம் கடல் மட்டத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட 9 துறைமுகங்களில் அளந்த சராசரிக் கடல் மட்டமே இந்தியாவின் பழைய அடிப்படை மட்டம்.

எந்த மட்டத்திலிருந்து தொடங்கினாலும், பெஞ்ச் மார்க் வேலை முடியும்வரை அசையாத இடத்தில் இருக்க வேண்டும். அது ஒரு செ.மீ. இறங்கினால், அதற்குப்பின் அதிலிருந்து குறிக்கும் ஒவ்வொரு மட்டமும் ஒரு செ.மீ. இறங்கிவிடும்.