கைப்பேசியும் வீட்டுப்பாடமும்

திருப்பதி, சித்தூர்ப் பகுதிகளில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். தெருவில் தெலுங்கு கேட்கின்றனர். தமிழ் எழுத்தைக் காணும் வாய்ப்போ அவர்களுக்குக் குறைவு. அக்குறையைப் போக்கக் கைப்பேசி துணைபுரியும்.

இந்திய அரசு 2017ஆம் ஆண்டு 'தீக்ஷா' என்னும் கல்வித் தளத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடு அச்சிடப்பட்டது. புள்ளிகளும் கட்டங்களும் நிறைந்த அச்சதுரத்தைக் கைப்பேசியால் வருடினால், பாடத்திற்குரிய காணொலி திறக்கும். உலகெங்கும் வாழும் தமிழர்க்காக 2001இல் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூல்களையும் கைப்பேசியிலேயே படிக்கலாம்.

ஆயினும், தமிழை ஆங்கில எழுத்துகளால் எழுதும் பழக்கம் தீங்கானது. அவ்வாறு எழுதினால் 'பள்ளி'யும் 'பல்லி'யும் ஒன்றாகிவிடும். நாளடைவில் ல, ள வேறுபாடு மறந்துபோகும். ஆகவே தமிழ் விசைப்பலகையையே பயன்படுத்துங்கள்.

பல வீடுகளில் ஒரே கைப்பேசிதான் உண்டு. அதுவும் பெற்றோருடன் வேலைக்குச் சென்றுவிடும். எனவே எழுத்துப் பயிற்சியை முதலில் ஏட்டில் முடியுங்கள். மாலையில் கைப்பேசி வந்ததும் பாடத்தை உரக்கப் படித்துப் பதிவு செய்யுங்கள். அதனைக் கேட்டு, பிழையான ஒலிப்பைத் திருத்துங்கள். ஊரிலுள்ள பாட்டிக்கும் அப்பதிவை அனுப்பலாம். மறுமொழியாக வரும் அவர் குரலும் உங்களுக்கு ஒரு தமிழ்ப் பாடமே.